யாரும் அடிக்காத பதினோரு அடிகள்

இந்த ஆண்டு நம் விளையாட்டுக் கூடத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்த ஒருவர் சாகவில்லை. ஆண்டறிக்கையின் முதல் வரியாக வந்திருக்க வேண்டிய செய்தி அது. சென்னையில் இருக்கும் மெஷின் கம்பெனி ஏஜெண்டுகளுக்கு நாம் அனுப்பிய அறிக்கையில் அது இல்லை. எத்தனை புதுப் பாட்டு வந்தது, எத்தனை பேர் விளையாடினார்கள், எத்தனை ஜோடி குச்சி உடைந்தது என்பதெல்லாம் இருக்கிறது. எல்லாம் நான் எண்ணிக் கொடுத்த எண்கள்தான். ஒன்றும் தப்பில்லை.

நவம்பரில் வேலைக்குச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும், நான் வேலையை விட்டுப் போவதற்கு முன்னால் ஜப்பான் மேள மெஷினைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். எப்படித் திறப்பது, எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதவில்லை. இந்த ஆண்டு ஜனவரியிலிருந்து அந்த மெஷினுக்கு என்ன நடந்தது, அதில் நான் எங்கே தப்பு செய்தேன் என்று மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தவன். ஓய்வு பெற்ற பின் ஒன்பது வருடம் இந்த விளையாட்டுக் கூடத்தில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டேன். சொந்த ஊர் ராதாபுரம் பக்கம். அங்கே கிணற்றில் எத்தனை வாளி இறைத்தோம் என்று எண்ணித்தான் இறைப்போம். எண்ணுகிற பழக்கம் அப்படி வந்தது. பயப்படுகிற பழக்கம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. மெஷினில் புதுச் சத்தம் கேட்டால் போதும், உடனே போய் அணைத்துவிடுவேன்.

ஜனவரியில் மேள விளையாட்டுக்குப் புதுப் பதிப்பு வந்தது. இருபத்தேழு பாட்டுகள் கூடின. அதில் ஒன்று தமிழ் சினிமாப் பாட்டு. அதற்குமுன் ஜப்பான் பாட்டுக்கு அடித்துப் பழகிய பிள்ளைகள் மட்டும்தான் வருவார்கள். அந்த ஒரு பாட்டு வந்த பிறகு மாமிமார்கள் வந்தார்கள், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்கள் வந்தார்கள். காதர் பாயும் வந்தார்.

காதர் பாய் மேலப்பாளையத்துக்காரர். நாற்பத்து நான்கு வயது. நம் வாசலில் இருக்கும் ஸ்டாண்டில்தான் ஆட்டோ போடுவார். ஜனவரியில் ஒரு மத்தியானம் ஏசிக் காற்று வாங்க உள்ளே வந்தவர், மேளத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். திரையில் சிவப்பு வட்டம் ஓடி வந்தால் மேளத்தின் நடுவில் அடிக்க வேண்டும். நீல வட்டம் வந்தால் விளிம்பில் அடிக்க வேண்டும். ஒன்றுகூட விடாமல் கடைசி வரை அடித்தால் அது முழுத் தொடர். முதல் நாள் அவர் அடித்தது முந்நூற்றுப் பன்னிரண்டில் நாற்பது. குறித்து வைத்திருக்கிறேன்.

"என்ன அண்ணாச்சி, நான் அடிக்கதையும் எழுதுதீய?"

"எல்லாத்தையும் எழுதுவேன், பாய்."

"அப்ப நல்லா அடிக்கும்போது எழுதுங்க. இதைக் கிழிச்சிருங்க."

கிழிக்கவில்லை. மார்ச் முடிவதற்குள் நடுத்தரக் கடினத்தில் முழுத் தொடர் போட்டார். ஆட்டோவில் சிக்னலில் நிற்கும்போதுகூட ஹேண்டில்பாரில் விரல் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். "பாய், பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு, வண்டிய எடும் வே" என்று பின்னால் இருக்கிறவர்கள் கத்துவார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவருடைய மகள் சென்னையில் கல்லூரியில் படிக்கிறாள். மே மாதம் நம் கூடத்தில் போட்டி, அதில் அதிகம் எடுப்பவருக்குச் சென்னையில் இறுதிப் போட்டி என்று ஏஜெண்டுகள் அறிவித்ததும், "வாப்பா பஸ் டிக்கெட்டு எடுத்தா வரப்போறேன், ஜெயிச்சிட்டுல்லா வாரேன்" என்று மகளிடம் போனில் சொல்லிவிட்டார்.

இனி நான் செய்தவை.

பிப்ரவரியில் மேளத்தின் விளிம்பு உறை வெடித்தது. அது பிளாஸ்டிக். புதிது ஜப்பானிலிருந்து வர வேண்டும், ஏழு மாதம் ஆகலாம் என்றார்கள். அதுவரை மெஷினை மூடி வைத்தால் கூடத்தின் பாதி வருமானம் போகும். வெடித்த உறையின் கூர் யார் மணிக்கட்டையாவது கிழித்துவிடும் என்று எனக்குப் பயம். டவுனில் பாத்திரக் கடைக்காரர் ஒருவரிடம் அளவு கொடுத்து, எவர்சில்வரில் பட்டை அடித்து வாங்கி, விளிம்பு முழுவதும் மாட்டினேன். பளபளவென்று இருந்தது. கூர் எங்கும் இல்லை என்று விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தேன். நம் கூடத்தின் பொறுப்பாளர் ஜெபா, "சார், மெஷினுக்கு ஒட்டியாணம் போட்டு விட்டுட்டீங்களே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச்சில் செருப்பு. மேளத்துக்கு முன்னால் ஏறி நிற்கும் மேடையில் ரப்பர் விரிப்பு உண்டு. செருப்பில் ஒட்டி வரும் மணல் அதை அரித்தது. வழுக்கி யாராவது விழுந்துவிடுவார்களோ என்று பயம். "செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்" என்று எழுதி ஒட்டினேன். சென்னையிலோ பெங்களூரிலோ இதை எழுதியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். இங்கே ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு வந்த தவில்காரர் ஒருவர், "இப்பத்தான் சரி. மேளத்துக்கு முன்னாடி செருப்போட நிக்கதே தப்பு. பிளாஸ்டிக்கா இருந்தா என்ன, மேளம் மேளம்தானே" என்றார். எழுதி ஒட்டிய மறுநாளிலிருந்து எல்லோரும் வெறுங்காலோடுதான் அடித்தார்கள். நானும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

அதே மாதம் கட்டடக்காரர்கள் பின்பக்க வாகன நிறுத்தத்தில் சிமெண்ட் கல் பதித்தார்கள். மூன்றாவது வரிசையில், சுவரிலிருந்து ஒன்பதாவது கல்லுக்குக் கீழேதான் எர்த் குழி இருந்தது. உப்பும் கரியும் போட்டு, உள்ளே குழாய் இறக்கி, மேலே மூடி போட்டிருக்கும் குழி. மெஷின்களில் எங்காவது மின்சாரம் கசிந்தால் அதன் வழியாகத்தான் மண்ணுக்குப் போக வேண்டும். மண் ஈரமாக இருந்தால்தான் அது போகும். நம் ஊர் வெயிலில் பங்குனி பிறந்தாலே குழி காய்ந்துவிடும். வாட்ச்மேன் வாரத்துக்கு இரண்டு நாள் ரெண்டு வாளி ஊற்றுவார். கல் பதித்த பிறகு அவர் ஊற்றவில்லை. மூடியைக் காணோம், எங்கே ஊற்றுவார்? பதிக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். கற்களை எண்ணினேன். குழியை நினைக்கவில்லை. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் காலையில் முதல் வேலையாக எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான்.

ஏப்ரலில் மெஷின் பொய் சொல்ல ஆரம்பித்தது.

மெஷினுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மேளத்தில் எத்தனை அடி விழுந்தது என்று அது தானே எண்ணும். காலையில் திறக்கும்போது அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மற்ற மெஷின்களைத் துடைக்கப் போவேன். ஒருநாள் திரும்பி வந்தபோது மூன்று என்று காட்டியது. யாரும் தொடவில்லை. மறுநாள் ஏழு. அதற்கடுத்த நாள் பதினொன்று. யாரும் அடிக்காத பதினோரு அடிகள்.

 அன்றே மெஷினைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். ஏன் பார்க்கவில்லை என்றால், அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் நான் மூன்று முறை அந்த மெஷினை வீணாக நிறுத்தியிருந்தேன். ஒருமுறை கருகிய வாசனை வந்தது. அது பக்கத்துப் பாப்கார்ன். ஒருமுறை உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது. அது கரப்பான். மூன்றாம் முறை புகை. வெள்ளிக்கிழமை என்று பக்கத்துக் கடையில் சாம்பிராணி போட்டிருந்தார்கள். மூன்று முறையும் வரிசையில் நின்றவர்களை வெளியே அனுப்பினேன். மூன்றாம் முறை ஒரு கல்லூரிப் பையன், "ஏலே, பெருசு மூக்குல ஃபயர் அலாரம் வச்சிருக்குலே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெபா சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே அமத்துறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை. சரியா?"

சரி என்றேன். அதனால் நான்காம் முறை அணைக்காமல், மெஷினின் அமைப்புக்குள் போய், அடியை உணரும் கூர்மையை ஒரு படி குறைத்தேன். பதினொன்று இரண்டாகக் குறைந்தது. பத்து நாள் கழித்து மீண்டும் ஏறியது. இன்னொரு படி குறைத்தேன். மே கடைசிக்குள் நான்கு படி குறைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் நோட்டில் எண்ணைக் குறித்து, பக்கத்தில் "சரி செய்யப்பட்டது" என்று எழுதினேன். நல்ல கையெழுத்தில்.

தம்பி, தங்கச்சிமார்களே, இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். அந்த அடிகள் குழி காய்ந்ததால் வந்தவை. மண்ணுக்குப் போக வழியில்லாத மின்சாரம் மேளத்துக்குள் இருந்த உணரியை உசுப்பிக்கொண்டிருந்தது. மெஷின் என்னிடம் வந்து முறையிட்டது. நான் அதன் வாயைப் பொத்தினேன்.

போட்டி மே மாதத்தின் கடைசி ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு. பதினான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆளுக்கு ஒரே பாட்டு, ஒரே வாய்ப்பு. ஐந்து மணிக்குள் முடிவைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். காதர் பாய் பதினோராவது. பள்ளிக்கூட விடுமுறை வேறு. எண்ணிப் பார்த்தேன், இருநூறு பேருக்கு மேல் நின்றார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஏசி போதவில்லை.

பத்தாவதாக அடித்தவன் நன்றாக அடித்தான். அவனுடைய கூட்டாளிகள் குதித்ததில் ஒருவன் கையில் இருந்த பன்னீர் சோடா மேடை முழுவதும் கொட்டியது. ஜெபா ஓடிவந்து ஈரத் துணியால் துடைத்தார். ரப்பர் விரிப்பும் ஈரம், கீழே தரையும் ஈரம்.

காதர் பாய் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள்.

"பாய், மீட்டர் போட்டு அடியும் வே!"

"போலே, இவரு என்னைக்கு மீட்டர் போட்டாரு!"

பாய் சிரித்துக்கொண்டே குனிந்தார். பாட்டுப் பட்டியலைப் பார்ப்பதற்காக இடது கையை எவர்சில்வர் பட்டையில் ஊன்றினார். அடுப்பில் இருந்த பாத்திரத்தைத் தொட்டவர்போல் கையை வெடுக்கென்று எடுத்தார். எடுத்துவிட்டு உடனே சட்டையில் துடைத்துக்கொண்டார். சுற்றி ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அதே நேரத்தில் திரையில் பாட்டுப் பட்டியல் இரண்டு முறை நகர்ந்தது. விளிம்பில் அடித்தால்தான் அது நகரும். குச்சிகள் இரண்டும் அவருடைய வலது கையில் இருந்தன. ஒருவரும் அடிக்கவில்லை.

நான்கு படி குறைத்த பிறகும் நகர்கிறது என்றால், உள்ளே இருப்பது சின்னக் கசிவு இல்லை. அது எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. எவர்சில்வர், வெறுங்கால், ஈரத்தரை மூன்றையும் ஒரே கண்ணோட்டத்தில் பார்த்தேன். சுவிட்ச் பலகை எனக்குப் பின்னால் ஏழு தப்படி தூரத்தில். போய்விட்டேன். மெஷினின் சுவிட்சில் கை வைத்துவிட்டேன். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ஜெபா தூரத்திலிருந்தே என் கையைப் பார்த்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"சார். இன்னைக்கு மட்டும் வேண்டாம்."

"ஜெபா, கரண்டு கசியுது."

"நிச்சயமாத் தெரியுமா சார்?"

நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டால் எனக்கு எதுதான் நிச்சயமாகத் தெரியும்? பாப்கார்னையும் சாம்பிராணியையும்கூட நான் நிச்சயம் என்றுதான் நினைத்தேன். திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. ஐம்பது. எழுபது. பாய் ஒன்றுகூட விடவில்லை. அந்த ஆறு பேரும் எண்ணை உரக்கச் சொன்னார்கள். கூட்டம் சேர்ந்துகொண்டது. நூறு. காய்ந்த மரக்குச்சிதானே பட்டையில் படுகிறது, கை படவில்லையே, பாட்டு முடிய இன்னும் ஒன்றரை நிமிடம்தானே என்று என் மனமே எனக்குச் சமாதானம் சொன்னது. ஒன்று சொல்கிறேன், யாரும் என்னைக் கேட்காத கேள்விக்குப் பதிலாக: நான் அந்தச் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு விநாடி சும்மா நின்றேன். ஒரு மனிதர் செத்துவிடுவாரோ என்ற பயம் ஒருபக்கம். இருநூறு பேர் சிரிப்பார்களே என்ற பயம் மறுபக்கம். முப்பத்தெட்டு விநாடிக்கு இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது.

அந்தப் பாட்டின் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. நான்கு தாள அளவுக்கு வட்டம் எதுவும் வராது. பாயின் பழக்கம் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் இடது மணிக்கட்டை விளிம்பில் வைத்து இளைப்பாறுவார். ஆரம்பத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். இடைவெளி வந்தது. இடது கை இறங்கியது.

அணைத்துவிட்டேன்.

திரை கறுத்தது. பாட்டு நின்றது. பாயின் கை பட்டையில் போய் உட்கார்ந்தது. மின்சாரம் இல்லாத பட்டையில்.

"ஏலே, கரண்டு போச்சுலே!"

"கரண்டு எங்கலே போச்சு, மத்த மெஷின்லாம் எரியுது. பெருசு அமத்திட்டாரு!"

பாய் திரும்பினார். இரண்டு குச்சியும் கையில் அப்படியே இருந்தன. திட்டுவார் என்று நினைத்தேன். மெல்லக் கேட்டார்.

"அண்ணாச்சி, நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

 நான் செய்தது சரி என்பதற்கு என்னிடம் அப்போது எந்தச் சாட்சியும் இல்லை. இந்த முறையும் கரப்பானாக இருந்துவிட்டால்?

மேல் மாடியில் வேலை செய்துகொண்டிருந்த எலக்ட்ரீஷியனை ஜெபா கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஐடிஐ படித்த பெண். முப்பது வயதுகூட இருக்காது. தன் பெயரை எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார், எழுதவில்லை. ஒரு ஹோல்டரில் சாதாரண பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். இதுதான் அவருடைய கருவி. எல்லோரையும் பின்னால் போகச் சொன்னார். ரப்பர் செருப்போடு, காய்ந்த பலகை ஒன்றின்மேல் ஏறி நின்றார். ஒரு ஒயரைத் தண்ணீர்க் குழாயில் கட்டினார். மற்றதைப் பட்டையில் வைத்துவிட்டு, "போடுங்க" என்றார். நான் சுவிட்சைப் போட்டேன்.

பல்பு எரிந்தது. மங்கலாக இல்லை, வீட்டில் எரிவதுபோல் முழுசாக எரிந்தது.

இருநூறு பேர் இருந்த கூடத்தில் கார் ஓட்டும் மெஷினின் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ, "யா அல்லாஹ்" என்றார்கள். பல்பைப் பார்த்துக்கொண்டே காதர் பாய் மேடையை விட்டு இறங்கினார். இறங்கியதும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

உள்ளே விளக்குக்குப் போகும் ஒயர் ஒன்று இரும்புச் சட்டத்தில் உரசித் தோல் உரிந்திருந்தது. "எர்த் ஒழுங்கா இருந்தா உரிஞ்ச அன்னைக்கே ஃபியூஸ் போயிருக்கும் சார். இது எத்தனை நாளா இப்பிடி நிக்கோ?" என்றார் அந்தப் பெண். கசிவு வந்தால் தானே விழும் சுவிட்ச் அந்த வரிசைக்கு வைக்கப்படவே இல்லை என்பதையும் அவர்தான் காட்டினார். ஒன்பது வருடமாக அந்தப் பலகையைத் துடைத்தவன் நான்.

"எர்த் குழி எங்கன இருக்கு?"

அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. நான் கூட்டிக்கொண்டு போய், மூன்றாவது வரிசை, ஒன்பதாவது கல் என்று காட்டினேன். மேலே யாருடைய ஸ்கூட்டரோ நின்றது. நகர்த்திவிட்டுக் கல்லைப் பெயர்த்தோம். உள்ளே மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒவ்வொரு வாளியாக ஊற்றினோம். பதினாறு வாளி குடித்த பிறகுதான் தண்ணீர் மேலே நின்றது. என் நோட்டை ஏற்கனவே புரட்டிப் பார்த்திருந்த அந்தப் பெண், எண்ணிக்கொண்டே இருந்த என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கல்லெல்லாம் எண்ணி வச்சிருக்கீங்க சார். மெஷினுல வந்த எண்ணையும் எழுதி வச்சிருக்கீங்க. அது ஏன் வருதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

என் மகளைவிட இளையவர். அவரிடம் கைகட்டி நின்றேன்.

ஐந்து மணி ஆகிவிட்டது. மீதிப் பேர் அடிக்கவில்லை; அதுவரை அதிகம் எடுத்திருந்த, பத்தாவதாக அடித்தவனுடைய பெயர் சென்னைக்குப் போனது. வெளியே வந்தபோது காதர் பாய் ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுகிற சீட்டில் அவர் இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.  அவர்தான் முதலில் பேசினார்.

"ரெண்டு மாசமா இழுக்கு, அண்ணாச்சி."

"என்னது?"

"அந்தப் பட்டை. கை வச்சா சுள்ளுன்னு இழுக்கும். முதல்ல எறும்பு கடிச்ச மாதிரி. இந்த வாரம் முழங்கை வரைக்கும் வந்துச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அப்படிக் கோபப்பட்டதே இல்லை.

"கிறுக்கனா வே நீரு? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க மூடிருவீய."

 அவரே தொடர்ந்தார்.

"நான் மட்டுமா? அந்தக் காலேஜு பயலுவளுக்கும் தெரியும். பெருசு காதுல விழுந்திரப்படாதுன்னு பேசி வச்சிருந்தோம். பட்டையைத் தொடாம அடிக்கணும்னு ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக் குடுத்தோம். எனக்குத்தான் பழக்கத்துல கை தானா அங்க போயிரும்."

இந்த ஆண்டில் நான் கேட்ட வார்த்தைகளில் என்னைத் தூங்கவிடாத வார்த்தை அதுதான். அந்தப் பட்டையில் மின்சாரம் இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் எத்தனையோ பேருக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவன் நான் ஒருவன். எதற்கெடுத்தாலும் பயந்து மூடுகிறவனிடம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். நான் எல்லாவற்றுக்கும் பயந்ததால், பயப்பட வேண்டிய ஒன்று என் காதுக்கே வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அப்படிச் சொல்வதும் தப்பு. ஆனால் ஒருவர் வந்து ஏதோ மாதிரி இருக்கிறது என்று சொன்னால், முதலில் அவரை உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த இடம், எப்போது, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். அவருக்கு முன்னாலேயே அணைத்துப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் அவருக்கு முன்னாலேயே போட்டு, அவருடைய பாட்டை முதலிலிருந்து கொடுங்கள். சொன்னதால் தனக்கு நஷ்டம் இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஜூனிலிருந்து நம் கூடத்தில் அதுதான் வழக்கம். ஜெபாதான் அதை எழுதி ஒட்டினார், செருப்பைப் பற்றிய என் அறிவிப்பைக் கிழித்துவிட்டு அதே இடத்தில். தவில்காரர் மறுபடி வந்தபோது முகம் சுளித்தார். "மேளத்துக்கு முன்னாடி செருப்பா?" என்றார். பட்டையில் பல்பு எரிந்த கதையைச் சொன்னேன். செருப்போடு ஏறினார், ஏறுவதற்குமுன் தரையைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார்.

மீதி ஆண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தானே விழும் சுவிட்ச் ஜூனில் வந்தது. செப்டம்பரில் ஜப்பானிலிருந்து உண்மையான விளிம்பு உறை வந்தது, பிளாஸ்டிக். ஆண்டுக் கடைசியில் மறுபடி புதுப் பாட்டுகள் வந்தன. ஒயரை மாற்றியதும் கூர்மையைப் பழைய படிக்கே ஏற்றிவிட்டேன். காலையில் பூஜ்யத்தில் வைத்தால் திரும்பி வரும்போதும் பூஜ்யம்தான். அதைப் பார்க்கும்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பூஜ்யத்தை நம்புவது அவ்வளவு சுலபம் இல்லை.

காதர் பாய் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஒரு பாட்டுக்குக் காசு போட்டார். அன்றிலிருந்து தினமும் அவர் இறங்கும்போது, "ஏதும் தெரிஞ்சுதா பாய்?" என்று கேட்பேன். "இல்ல" என்பார். அந்த "இல்ல"வை ஒவ்வொரு நாளும் சந்தேகப்பட்டேன். ஏற்கனவே இரண்டு மாதம் சொல்லாமல் மறைத்தவர்தானே.

போன வாரம், நான் வேலையை விட்டு நிற்பதற்கு நான்கு நாள் முன்னால், பாட்டின் நடுவிலேயே குச்சியை வைத்துவிட்டு அவராகவே என்னிடம் வந்தார். திரையில் தொடர் இருநூற்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு வந்தார்.

"அண்ணாச்சி, கை ஒரு மாதிரி இருக்கு."

உட்காரவைத்தேன். எந்த இடம் என்று கேட்டேன். இடது சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் என்றார். அவருக்கு முன்னாலேயே மெஷினை அணைத்தோம். அந்த எலக்ட்ரீஷியன் பெண் வந்தார், பல்பை வைத்தார், மீட்டரை வைத்தார். சுத்தமாக ஒன்றும் இல்லை. உறையும் பிளாஸ்டிக். போட்டோம். பாய் மறுபடி கையை வைத்துப் பார்த்தார்.

"இப்பவும் இருக்கு."

"கையை எடும். இப்ப?"

"எடுத்தாலும் இருக்கு, அண்ணாச்சி. காலைல ஆட்டோல கிளட்ச்சு புடிக்கும்போதும் இருந்துச்சு. ஒரு மாசமாவே விரல் மரத்துக்கிட்டுத்தான் இருக்கு."

மெஷினில் இல்லை என்றால் கையில் இருக்கிறது. மே மாதம் முழங்கை வரைக்கும் ஏறியது அங்கேயே எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறதா, இல்லை இருபது வருடம் கிளட்ச் பிடித்த கை தளர்ந்திருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை. இதற்கு நம்மிடம் பல்பு இல்லை. மறுநாள் அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். நரம்பில் ஊசி வைத்துப் பார்க்க வேண்டும், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் வண்டி ஓட்டித்தான் மகளைப் படிக்கவைக்கிறார்.

நானும் கூட வருகிறேன் என்றேன்.

"ஊசிக்குக்கூட நான் பயப்படல, அண்ணாச்சி. நீங்க வாரதுக்குத்தான் பயமா இருக்கு. டாக்டர் முன்னாடி உக்காந்து எண்ண ஆரம்பிச்சிருவீய."

எண்ண மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.